பேஸ் கிட்டாரும் இயற்பியலும்: குறைந்த செலவில் நிறைந்த ஒலி

திருவிழாக் காலங்களில் மெல்லிசைக் குழுவினரின் கச்சேரியை மேடைக்கு அருகில் நின்று கேட்டிருக்கிறீர்களா? பாடுபவரின் குரலும் வயலினும் கீபோர்டும் காதில் விழும். ஆனால் ஒரு கருவியின் ஒலி மட்டும் காதில் விழுவதைவிட நெஞ்சில் படுவது போலத் தோன்றும். நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட பேஸ் கிட்டார்தான் அது. 1980களில் வெளிவந்த இளையராஜாவின் திரைப்பாடல்களைக் கவனித்துக் கேட்டால், மெட்டுக்கு அடியில் இக்கருவி தனக்கென்று ஒரு வழியில் நடந்து செல்வதை உணரலாம்.

இக்கருவியைக் கற்க விரும்பும் மாணவர்கள் இன்று பலர். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு கிட்டாரை எப்படியோ வாங்கிவிடுகிறார்கள். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பேஸ் கிட்டாரின் உடல் கெட்டியான மரப்பலகை. வீணைக்கு இருப்பது போன்ற குடம் இதற்கு இல்லை. ஆகவே ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் இல்லாவிட்டால் இதன் ஒலி பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டாது. கடைக்குப் போனாலோ 20 வாட் என்று ஒரு பெட்டி, 100 வாட் என்று இன்னொன்று, கண்ணாடி அலமாரியில் வண்ண வண்ணமாக எஃபெக்ட்ஸ் பெடல்கள்! கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது?

இக்கேள்விக்கு விடை விளம்பரத் தாளில் இல்லை. உங்கள் இயற்பியல் பாடநூலில் இருக்கிறது. தாழ்ந்த சுரத்தை எழுப்புவது என்பது நிறையக் காற்றை அசைக்கும் வேலை. பணம் முதலில் அந்த வேலைக்குப் போகவேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். இது ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தந்தியிலிருந்து மின்சாரம்

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துவந்தவர் லியோ ஃபெண்டர். அவர் 1951ஆம் ஆண்டில் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சார பேஸ் கிட்டாரை வெளியிட்டார். அதுவரை இசைக்குழுக்களில் தாழ்ந்த சுரங்களை வாசித்தது ஆள் உயரமுள்ள டபுள் பேஸ் என்னும் கருவி. அதைத் தூக்கிச் செல்வது கடினம். டிரம் ஓசைக்கு நடுவில் அதன் ஒலி அமுங்கியும் போகும். ஃபெண்டரின் கருவி தோளில் மாட்டிக்கொள்ளக் கூடியது.

இதன் தந்திகள் காந்தத்தால் ஈர்க்கப்படும் எஃகினாலோ நிக்கலும் எஃகும் சேர்ந்தோ ஆனவை. அவற்றின் கீழே நிலைக்காந்தங்களும், அவற்றைச் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருளும் உள்ளன. இதற்குப் பிக்-அப் என்று பெயர். தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார் அல்லவா? அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது. கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் சிறு பகுதியே. அதைப் பெருக்கித் தருவது ஆம்ப்ளிஃபையர். பெருகிய மின்னோட்டத்தை மீண்டும் அசைவாக்கிக் காற்றைத் தள்ளுவது ஸ்பீக்கர்.

தாழ்ந்த சுரத்துக்கு ஏன் இவ்வளவு பசி?

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ் ஆகும். சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதாவது பேஸ் கிட்டாரின் அடித்தந்தி அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது.

ஒரு ஸ்தாயி இறங்குவது சிறிய செயலன்று. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. ஒரே அளவு ஒலி அழுத்தம் வேண்டுமானால் கூம்பின் முடுக்கம் ஒரே அளவாக இருக்கவேண்டும். தனிச் சீரிசை இயக்கத்தில் முடுக்கம் என்பது வீச்சையும் அதிர்வெண்ணின் இருமடியையும் பெருக்கி வருவது என்று படித்திருப்பீர்கள். எனவே அதிர்வெண் பாதியானால், அதே முடுக்கத்துக்கு வீச்சு 4 மடங்காக வேண்டும். சாதாரணக் கிட்டாரின் உச்சத் தந்தி ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ். பேஸின் அடித்தந்தி அதில் எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் அதே ஒலி அழுத்தத்துக்குக் கூம்பு 64 மடங்கு தொலைவு ஆடவேண்டும்!

நண்பரின் சிறிய கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் பேஸ் கிட்டாரைச் செருகி ஒலியைக் கூட்டினால் 'பர்ர்' என்று இரைவது இதனால்தான். அதன் கூம்பு அவ்வளவு தொலைவு ஆடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. மெதுவாக வாசித்தால் தீங்கில்லை. உரக்க வாசித்தால் கூம்பு கிழியலாம். அல்லது சுருள் இடம் பிசகி உராயலாம்.

நம் காதும் இதில் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மனிதச் செவி மந்தமானது. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் இதனை அளந்து வெளியிட்டனர். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் அளவுள்ள ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறதோ, அதே அளவு உரக்க 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கவேண்டுமானால் அதற்கு 80 டெசிபெல்லுக்கும் மேல் தேவை. 40 டெசிபெல் வேறுபாடு என்பது திறனில் 10,000 மடங்கு. ஒலி உரக்க உரக்க இந்த இடைவெளி குறைகிறது என்பது உண்மைதான். ஆயினும் பேஸ் வாசிப்பவருக்கு மற்றவர்களைவிட வலிய ஆம்ப்ளிஃபையர் ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்

அப்படியானால் வாட் அதிகமுள்ளதை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். நம் காது வாட்டை மடக்கைக் கணக்கில் உணர்கிறது. திறன் இரட்டிப்பானால் ஒலிமட்டம் 3 டெசிபெல்தான் கூடும். கேட்பவருக்கு ஒலி 'இரு மடங்கு' என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது 10 மடங்கு திறன் வேண்டும். 50 வாட் பெட்டிக்குப் பதில் 100 வாட் பெட்டி வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குக் கிடைப்பது சற்றே கூடிய ஒலி, அவ்வளவுதான்.

ஸ்பீக்கரின் உணர்திறன் இதைவிட முக்கியமானது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் கிடைக்கிறது என்பதே அந்த எண். ஒரு ஸ்பீக்கர் 93 டெசிபெல், மற்றொன்று 99 டெசிபெல் என்று கொள்வோம். வேறுபாடு 6 டெசிபெல். அதாவது திறனில் 4 மடங்கு. 100 வாட் ஆம்ப்ளிஃபையரோடு இரண்டாவது ஸ்பீக்கரை இணைத்தால், அது முதலாவதை 400 வாட்டில் ஓட்டுவதற்குச் சமம். விலைப்பட்டியலில் வாட் பெரிய எழுத்திலும் உணர்திறன் சிறிய எழுத்திலும் அச்சாகியிருக்கும். நீங்கள் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

ஸ்பீக்கர் என்பது உண்மையில் ஒரு மோசமான இயந்திரம். கொடுக்கும் மின்திறனில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரைதான் பொதுவாக ஒலியாகிறது. மீதியெல்லாம் சுருளில் வெப்பமாகிப் போகிறது. ஆகவே நூற்றில் ஒரு பங்கை இரண்டாக்கும் நல்ல ஸ்பீக்கர், இரட்டிப்பு வாட் தரும் ஆம்ப்ளிஃபையருக்கு ஈடாகும்.

இன்னொரு எச்சரிக்கை. வாட் எண்ணுக்குப் பின்னால் 'ஆர்.எம்.எஸ்.' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது தொடர்ந்து தரக்கூடிய திறன். 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போடப்படும் எண், நொடியின் மிகச் சிறு பகுதியில் எட்டக்கூடும் என்று சொல்லப்படும் உச்சம். அதை அளப்பதற்குப் பொதுவான வரையறை ஏதும் இல்லை; எனவே அதை நம்பி எதையும் ஒப்பிட இயலாது.

வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1960இல் வெளியிட்ட பி-15 ஆம்ப்ளிஃபையர் 25 வாட் அளவினது; 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்டது. ஒலிப்பதிவுக் கூடங்களிலும் சிறிய அரங்குகளிலும் அது பெரிதும் விரும்பப்பட்டது. பெரிய திடல்களில் ராக் குழுக்கள் வாசிக்கத் தொடங்கியபோது, அதே நிறுவனம் 1969இல் எஸ்.வி.டி. என்ற 300 வாட் ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தது. அதனோடு இணைத்த ஒவ்வொரு பெட்டியிலும் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு இருந்தன. வாட்டை மட்டுமன்று, காற்றைத் தள்ளும் பரப்பையும் அவர்கள் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பெட்டி ஏன் வேண்டும்?

ஸ்பீக்கரை வெறுமனே மேசைமேல் வைத்து ஒலிக்கச் செய்தால் தாழ்ந்த சுரம் காணாமல் போகும். கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறம் காற்று அழுந்துகிறது. பின்புறம் அதே நேரத்தில் தளர்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பழைய வானொலியின் சிறு ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். பெரிய அட்டையின் நடுவில் கூம்பின் அளவுக்குத் துளையிட்டு, ஸ்பீக்கரை அதன் பின்னால் பொருத்துங்கள். ஒலி சட்டென்று கனப்பதைக் கேட்பீர்கள். ஆம்ப்ளிஃபையரில் ஒரு வாட்கூடக் கூட்டவில்லை. அழிந்துபோனதை மீட்டீர்கள், அவ்வளவே.

பெட்டி செய்யும் முதல் வேலை இதுதான். சில பெட்டிகளின் முகப்பில் ஒரு துளையோ குழாயோ இருக்கும். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் 'ஊம்' என்று ஒலிக்கிறதே, அதே ஒத்ததிர்வுதான் அங்கு நிகழ்கிறது. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த அமைப்பு இது. அந்தத் துளை, ஒத்ததிர்வை ஒட்டிய தாழ்ந்த சுரங்களுக்குக் கைகொடுக்கிறது.

சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுரம், உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது. எவையேனும் இரண்டைத்தான் பெறலாம். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் விதி இது. 'கைப்பெட்டி அளவே இருக்கும், திடலே அதிரும்' என்று யாரேனும் சொன்னால் இவ்விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை அங்குல ஸ்பீக்கர் நல்லது? பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். பரப்பு விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டைவிடச் சற்றுக் கூடுதல். நான்கைவிடப் பெரிதும் குறைவு. வீட்டில் பழக 8 அல்லது 10 அங்குலம் ஒன்று போதும்.

இக்காலத்து மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பு பேஸ் ஆம்ப்ளிஃபையர்கள் கனத்த மின்மாற்றியும் வெப்பத்தட்டுகளும் கொண்டவை. இன்று பரவலாகிவிட்ட 'கிளாஸ் டி' வகையில் டிரான்சிஸ்டர்கள் விளக்குச் சுவிட்சைப்போல முழுவதும் மூடியோ முழுவதும் திறந்தோ மிக வேகமாக மாறுகின்றன. அதனால் வீணாகும் வெப்பம் குறைவு, எடையும் குறைவு. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்ட நியோடிமியக் காந்தங்கள் ஸ்பீக்கரின் எடையையும் குறைத்திருக்கின்றன. ஆனால் எடை குறைவுக்குத் தனி விலை உண்டு. தூக்கிச் செல்லும் தேவை இல்லாதவர் பழைய கனத்த பெட்டியை மலிவாக வாங்கலாம்.

ஓம் கணக்கு

ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் 'குறைந்தது 4 ஓம்' என்பது போல எழுதியிருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்கும் 8 ஓம் அல்லது 4 ஓம் என்று மின் எதிர்ப்பு உண்டு. இரண்டு பெட்டிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் என்ன ஆகும்? 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4 ஓம், இது சரி. மூன்று சேர்ந்தால் சுமார் 2.7 ஓம், இது ஆபத்து. எதிர்ப்பு குறையக் குறைய மின்னோட்டம் கூடி, ஆம்ப்ளிஃபையர் சூடேறிக் கெடும்.

'4 ஓமில் 200 வாட்' என்று குறிக்கப்பட்ட ஆம்ப்ளிஃபையர் 8 ஓம் பெட்டியோடு ஏறத்தாழ அதில் பாதித் திறனைத்தான் தரும். மின்னழுத்தம் மாறாதபோது திறன் மின்தடைக்கு எதிர்விகிதம் அல்லவா? வாங்கும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கருக்குச் செல்லும் கேபிளும், கிட்டாரிலிருந்து வரும் கேபிளும் ஒரே மாதிரியான பின் கொண்டிருக்கலாம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செருகாதீர்கள். 200 வாட்டை 4 ஓமுக்குக் கொடுத்தால் மின்னோட்டம் 7 ஆம்பியருக்கும் மேல். கிட்டார் கேபிளின் நடுக்கம்பி மயிரிழை போன்றது. அது அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. மாறாக, ஸ்பீக்கர் கேபிளைக் கிட்டாரில் மாட்டினால் அதற்கு உலோக வலைப்போர்வை இல்லாததால் இரைச்சல் புகும்.

எஃபெக்ட்ஸ் பெடல்கள்: எவை தேவை, எவை ஆசை?

கண்ணாடி அலமாரியில் உள்ள சிறு பெட்டிகளுக்கு இப்போது வருவோம். எல்லாமே ஒலி அலையின் வடிவத்தையோ வீச்சையோ மாற்றும் மின்சுற்றுகள்தாம்.

கம்ப்ரஸர் என்பது வீச்சை ஒழுங்கு செய்வது. விரல் அழுத்தமாக விழுந்தால் ஒலியைக் குறைக்கும். மெதுவாக விழுந்தால் அதனோடு ஒப்பிடக் கூட்டிக் காட்டும். தாழ்சுரத்தின் திடீர் உச்சங்கள் அடங்குவதால் சிறிய ஆம்ப்ளிஃபையரும் இரையாமல் வேலை செய்கிறது. ஆனால் விரல்களைச் சீராகப் பழக்கினால் இதே பயனில் பெரும்பகுதியைச் செலவில்லாமல் பெறலாம்.

ஓவர்டிரைவ் என்பது அலையின் முகடுகளை வெட்டுவது. வெட்டப்பட்ட அலையில் புதிய மேற்சுரங்கள் தோன்றும். இதில் ஒரு வியப்பு அடங்கியிருக்கிறது. 41.2 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாத சிறு ஸ்பீக்கர்கூட அதன் மேற்சுரங்களான 82.4, 123.6, 164.8 ஹெர்ட்ஸ்களை ஓரளவு எழுப்பும். இவற்றுக்கிடையே உள்ள சம இடைவெளி 41.2. நம் மூளை அந்த இடைவெளியைக் கண்டு, இல்லாத அடிப்படைச் சுரத்தைத் தானே கேட்டுக்கொள்கிறது! கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் திரைப்பாடலைக் கேட்கும்போதும் பேஸின் நடையை நம்மால் பின்தொடர முடிவது இதனால்தான். ஆகவே பெரிய ஸ்பீக்கர் வாங்கப் பணம் இல்லாதவருக்கு மிதமான ஓவர்டிரைவ் பெடல் ஒரு மலிவான உதவி.

ஆக்டேவர், கோரஸ், வா-வா முதலிய மற்றவை ஆசைக்குரியவை. அவற்றை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

பெடலுக்கு அடாப்டர் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். மின்னழுத்தம் பெரும்பாலும் 9 வோல்ட். பல பெடல்களில் பின்னின் நடுப்பகுதி எதிர்முனை. வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் பலவற்றில் நடுப்பகுதி நேர்முனை. மாற்றிச் செருகினால் பெடல் கெடலாம். மூன்றாவது மின்னோட்டம். 10, 20, 70 மில்லி ஆம்பியர் எடுக்கும் மூன்று பெடல்களை ஒரே அடாப்டரில் ஓட்ட, அது 100 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் தரவேண்டும்.

சிறு பொருள்கள்

கிட்டார் கேபிள் மூன்று முதல் ஐந்து மீட்டர் போதும். கேபிள் ஒரு மின்தேக்கியும் ஆகும். நீளம் கூடக் கூட அதன் மின்தேக்குத்திறன் கூடி உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கும். பற்றவைக்கத் தெரிந்தவர் போர்வையுள்ள கேபிளும் இரண்டு பின்களும் வாங்கித் தாமே செய்துகொள்ளலாம். தொழிற்கல்வி பயிலும் அண்ணன்மாரிடம் கேட்டால் கற்றுத்தருவார்கள்.

தந்திகளின் விலை மாணவர்களைத் திகைக்க வைக்கும். வாசிக்க வாசிக்க வியர்வையும் அழுக்கும் தந்தியின் மேற்சுற்றில் புகுந்து மேற்சுரங்களை மழுக்குகின்றன. பழைய தந்திகளைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடம் இட்டு, துடைத்து, நன்கு உலர்த்தி மீண்டும் கட்டும் வழக்கம் பேஸ் வாசிப்பவர்களிடையே உண்டு. ஒலி சில காலத்துக்குத் தெளியும். தெளிந்த ஒலிதான் வேண்டும் என்றும் இல்லை. 1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தந்திகளை மாற்றாமலே வைத்திருந்ததற்குப் பேர்பெற்றவர். அந்த மங்கிய, உருண்ட ஒலியே அவருடைய அடையாளமாயிற்று. ஒலிப்பதிவில் அவர் கிட்டாரைப் பெரும்பாலும் நேராகப் பதிவுக் கருவிக்கே இணைத்து வாசித்தார்.

அப்படி நேராக இணைக்க உதவுவது டி.ஐ. பெட்டி. கச்சேரி மேடையில் குழுவின் பொது ஒலியமைப்போடு உங்கள் கிட்டாரை இது இணைக்கும். திடல் முழுவதற்கும் ஒலி தருவது அந்தப் பொது ஸ்பீக்கர்களின் வேலை. உங்களுக்கு நீங்கள் கேட்கும் அளவுக்கு ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் போதும். ஆக, பெரிய ஆம்ப்ளிஃபையருக்குப் பதில் ஒரு சிறு டி.ஐ. பெட்டி பெரும் பணத்தை மிச்சப்படுத்தும்.

சுருதி சேர்க்கக் கைப்பேசியில் இலவசச் செயலிகள் இருக்கின்றன. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஆம்ப்ளிஃபையரின் 'ம்ம்' என்ற இரைச்சலில் 50, 100 ஹெர்ட்ஸ் ஒலிகள் கலந்திருக்கும். அடித்தந்தியின் மூன்றாம் கட்டைச் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலுடன் அதை நீட்டி வாசித்தால் நொடிக்கு ஒரு விம்மலும், 98 ஹெர்ட்ஸ் தந்தியை வாசித்தால் நொடிக்கு இரண்டு விம்மல்களும் கேட்கலாம். விம்மல் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை எது?

அறையும் ஒரு கருவியே

ஒலி மெலிந்து கேட்கிறது என்று புதிய ஆம்ப்ளிஃபையருக்கு ஓடுமுன், இருப்பதன் இடத்தை மாற்றிப் பாருங்கள். 41.2 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 8.4 மீட்டர். அதில் பாதி 4.2 மீட்டர், ஏறத்தாழ 14 அடி. உங்கள் அறை அந்த நீளமுள்ளதானால் அடித்தந்தியின் சுரம் அதில் நிலை அலையாகிவிடும். சுவரருகே நின்றால் முழங்கும். அறை நடுவில் நின்றால் மெலியும். பெட்டியை மேசையிலிருந்து தரைக்கு இறக்கிச் சுவரை ஒட்டி வைத்தால், எல்லாத் திசையிலும் சிதறிய ஒலி ஒரு பக்கமாகத் திரும்பித் தாழ்சுரம் கூடும். முழக்கம் மிகுந்தால் சற்று நகர்த்துங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

உயிரும் காதும்

சிக்கனம் செய்யக்கூடாத இடங்கள் இரண்டு.

முதலாவது தரையிணைப்பு. மூன்று பின் பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் பின் தரைக்குச் செல்வது. இரைச்சலைக் குறைக்கச் சிலர் அதைத் துண்டித்துவிடுவார்கள். ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். கிட்டாரின் தந்தியைத் தொடும் உங்கள் கை ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பகுதியோடு மின்னிணைப்பில் இருக்கிறது. ஏதேனும் ஒரு கருவியில் கசிவு ஏற்பட்டு நீங்கள் மைக்கைத் தொட்டால், மின்னோட்டம் உங்கள் உடல்வழியே பாயும். 1972 மே 3ஆம் நாள் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையிலேயே இவ்வாறு இறந்தார். அவர் தொட்ட மைக் சரியாகத் தரையிணைப்புச் செய்யப்படாதது. இரைச்சல் தொல்லை தந்தால் டி.ஐ. பெட்டியில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைப் பயன்படுத்துங்கள். அது ஒலிக்கேபிளின் இணைப்பை மட்டுமே பிரிக்கும், மின்சாரத் தரையிணைப்பைத் தொடாது. வெற்றிடக் குழல் ஆம்ப்ளிஃபையரை அணைத்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதைத் திறக்கும் வேலையைத் தேர்ந்தவரிடம் விடுங்கள்.

இரண்டாவது காது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நலத்துறை ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. 3 டெசிபெல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 94 டெசிபெல்லில் 1 மணி நேரம்; 100 டெசிபெல்லில் 15 நிமிடமே. பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பார். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதடைப்பான் ஒரு ஜோடி, இந்தப் பட்டியலிலேயே மலிவான பொருள்.

எந்த வரிசையில் வாங்குவது?

முதலில் நல்ல கேபிள், காதடைப்பான். பிறகு வீட்டில் பழக 15 முதல் 30 வாட் வரை உள்ள பேஸ் ஆம்ப்ளிஃபையர். ஹெட்ஃபோன் துளை இருந்தால் அண்டை வீட்டாரும் மகிழ்வார்கள். மேடைக்குப் போகும் நாள் வந்தால் டி.ஐ. பெட்டி. டிரம்முடன் பொது ஒலியமைப்பு இல்லாமல் வாசிக்கவேண்டிய தேவை வந்தால்தான் 100 வாட்டுக்கு மேற்பட்ட ஆம்ப்ளிஃபையரும் உணர்திறன் மிக்க பெட்டியும். பெடல்கள் கடைசியில்.

கையாண்ட பழைய பொருளானாலும் அஞ்சவேண்டாம். குமிழைத் திருப்பும்போது 'கரகர' என்றால் பெரும்பாலும் தூசிதான், துடைத்தால் சரியாகும். கூம்பை இரு கைவிரல்களால் சமமாக, மெல்ல அழுத்துங்கள். சுருள் உராயும் ஓசை கேட்டால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். பிறகு உங்கள் கிட்டாரை மாட்டி, அடித்தந்தியை மட்டும் மெதுவாகத் தொடங்கி உரக்கும்வரை வாசியுங்கள். இரையாமல், அதிராமல் அது பாடுகிறதா என்று கேளுங்கள்.

கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் போதும். தொடர்ந்து தரும் வாட் எவ்வளவு? அது எத்தனை ஓமில்? ஸ்பீக்கரின் உணர்திறன் எத்தனை டெசிபெல்? விடைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இரண்டு மூன்று கடைகளின் எண்களை அருகருகே எழுதிக் கணக்குப் போட்டு, மறுநாள் பணத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.